உடம்புக்குள் தூங்கும் அம்மை: அக்கியை வராமல் தடுக்க முடியுமா?

கன்னடத்தில் அக்கிக்கு சர்ப்பசுத்து என்று பெயர். பாம்பு சுற்றிப் படுத்த மாதிரி உடம்பில் கொப்புளம் போடுவதால். கிரேக்கர்கள் சோஸ்டர் என்றார்கள். இடுப்பில் கட்டும் கச்சை என்று பொருள். ஷிங்கிள்ஸ் என்ற ஆங்கிலப் பெயரும் கச்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்ததுதான். இவையெல்லாம் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். நம்முடையது எரிச்சலைப் பார்த்து வைத்தது: அக்கினி தேய்ந்து அக்கி. நோயை அனுபவித்தவர் யாரோ வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். கொப்புளங்கள் மூன்று நான்கு வாரத்தில் பக்கு உதிர்ந்து ஆறிவிடும். எரிச்சல்தான் சிலரைப் பிறகும் விடுவதில்லை.

என் பெரியப்பாவுக்கு 71 வயதில் வந்தது. முதல் இரண்டு நாள் வலது விலாவில் சுரீர் சுரீரென்று ஒரு வலி. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் சிவந்து கொப்புளம் கண்டதும் ஊரில் வழக்கப்படி அக்கி எழுதப் போனார். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்து, மூன்று நாள் குளிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கொப்புளம் ஆறியது. அதற்கப்புறம் எட்டு மாதம் அவரால் பனியன் போட முடியவில்லை. துணி உரசினாலே தீக்குச்சி வைத்த மாதிரி இருக்கும் என்பார். மின்விசிறிக் காற்றுகூட ஆகாது. தோலில் ஒரு வடுவும் இல்லாததால் பார்க்கிறவர்களுக்கு அவர் நடிக்கிறார் என்றே தோன்றியிருக்கும்.

வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி, "யாரிடமிருந்து தொத்தியது?" என்பதுதான். யாரிடமிருந்தும் இல்லை. அது அவரிடமே அறுபது வருடமாக இருந்தது.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் மிச்சம்தான் அக்கி. இலங்கையில் கொப்புளிப்பான் என்பார்கள். அம்மை போட்டு, வேப்பிலையில் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஆத்தா இறங்கிவிட்டாள் என்போம். கிருமி இறங்குவதில்லை. தோலிலிருந்து நரம்பு வழியாக உள்ளே போய், முதுகெலும்பை ஒட்டி இருபக்கமும் வரிசையாக இருக்கும் நரம்புமுடிச்சுகளிலும், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சிலும் படுத்துக்கொள்கிறது. இரண்டு நோய்க்கும் ஒரே வைரஸ்தான் என்பதை 1950-களில் ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியவர் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர். போலியோ வைரஸை வளர்த்ததற்காக 1954-இல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான்.

எப்போதாவது அந்த முடிச்சுகளில் ஒன்றில் வைரஸ் விழித்துக்கொள்கிறது. வந்த வழியே, அதே நரம்பைப் பிடித்துத் தோலுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு முடிச்சும் உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டைக்குத்தான் பொறுப்பு. அதனால்தான் அக்கி பெரும்பாலும் ஒரே பக்கத்தில், நடுக்கோட்டோடு வெட்டி நிறுத்திய மாதிரி நின்றுவிடுகிறது. கொப்புளத்துக்கு முன்னாலேயே வலி வருவதற்கும் இதுதான் காரணம். தோலைத் தொடுமுன் வைரஸ் நரம்பைப் புண்ணாக்கிவிட்டிருக்கும்.

ஆகவே, கை கழுவுவது, முகக்கவசம் போடுவது, கூட்டத்தைத் தவிர்ப்பது போன்ற யோசனைகளுக்கு இங்கே வேலையில்லை. எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். அவனைத் தூங்கவைத்திருப்பது நம் டி-செல்கள், அதாவது ரத்தத்தில் காவல் திரியும் ஒருவகை வெள்ளையணுக்கள். சின்னம்மைக்கு எதிராக உண்டான ஆன்டிபாடிகள் வயதானாலும் பெரிதாகக் குறைவதில்லை. டி-செல் காவல்தான் ஐம்பதுக்கு மேல் தளர ஆரம்பிக்கிறது. அமெரிக்கக் கணக்குப்படி மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது அக்கி வருகிறது. வந்தவர்களில் நூற்றுக்கு 10 முதல் 18 பேருக்கு வலி மூன்று மாதத்தைத் தாண்டி நிற்கிறது. வயது கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ‘அக்கி ஆபத்தைக் குறைப்பது’ என்று சொல்லும்போது என் மனதில் இருப்பது இந்த வலிதான். இருபது வயதுப் பையனுக்கு வரும் அக்கி பெரும்பாலும் ஒரு தொல்லை. எழுபதில் அப்படியல்ல.

இந்தக் காவல் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது என்று முதலில் யோசித்தவர் பெரிய ஆய்வக விஞ்ஞானி இல்லை. இங்கிலாந்தின் சிரென்செஸ்டர் என்ற சிற்றூரில் கிளினிக் வைத்திருந்த எட்கர் ஹோப்-சிம்சன். தன்னிடம் வந்த ஒவ்வொரு அக்கி நோயாளியையும் 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்தார். மொத்தம் 192 பேர். 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் போட்ட கணக்கு: ஆயிரம் பேர் 85 வயதுவரை வாழ்ந்தால் ஐந்நூறு பேருக்கு ஒருமுறை அக்கி வந்திருக்கும், பத்துப் பேருக்கு இரண்டுமுறை. கூடவே ஓர் ஊகத்தையும் வைத்தார். சின்னம்மை வந்த குழந்தைகளோடு பழகும்போதெல்லாம் பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி ஒரு தட்டு தட்டி எழுப்பப்படுகிறது. அந்த உசுப்பல்தான் உள்ளே இருப்பதை அடக்கிவைக்கிறது என்றார். பிரிட்டனில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு அதை ஓரளவு உறுதிசெய்தது. வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை வந்தபோது உடனிருந்த பெரியவர்களுக்கு, அடுத்த இருபது ஆண்டுகளில் அக்கி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30% குறைவாக இருந்தது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பேரனுக்கு அம்மை போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொடுப்பது பாட்டிதான். கூட்டுக்குடும்பத்தில் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு குழந்தைக்காவது அம்மை போடும். பாட்டிகளுக்கே தெரியாமல் அவர்களுக்குத் தவணை தவணையாக ஊக்கம் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது பேரன் பெங்களூரில் இருக்கிறான், அல்லது டல்லாஸில். அதற்காக அம்மை போட்ட குழந்தையைத் தேடிப் போய் உட்கார வேண்டும் என்று சொல்லவரவில்லை. அந்த 30 விழுக்காட்டைவிடப் பலமடங்கு பாதுகாப்பு ஓர் ஊசியில் கிடைக்கும்போது அது அவசியமும் இல்லை. குழந்தைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போட்டுவிட்டால் பெரியவர்களுக்கு அக்கி கூடிவிடுமோ என்ற தயக்கம் பிரிட்டனை வெகுகாலம் பிடித்து வைத்திருந்தது. அமெரிக்கா 1995-இலேயே தொடங்கிய அந்தத் தடுப்பூசியை இங்கிலாந்து 2026 ஜனவரியில்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று எடுத்துக்கொண்டது.

அந்தத் தடுப்பூசியிலும் உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் இருக்கிறது. அதுவும் நரம்பில் போய்ப் படுக்கும். ஆனால் எழுந்திருப்பது அபூர்வம். அமெரிக்கக் குழந்தைகளில் ஊசி போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட அக்கி சுமார் 78% குறைவு என்று 2019-இல் கணக்கெடுத்தார்கள். இந்தியாவின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது கிடையாது. தனியார் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இன்று குழந்தைக்குப் போடுகிற அந்த ஊசி, அறுபது வருடம் கழித்து அதன் முதுகு எரியாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் என்று பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை.

சரி, சின்னம்மை ஏற்கெனவே வந்துபோனவர்கள் என்ன செய்வது? சாப்பாடு, தூக்கம், மன அமைதி என்று இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கும். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விண்வெளிக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்களின் எச்சிலைப் பரிசோதித்தபோது, நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவர்களுக்கே இந்த வைரஸ் விழித்திருந்தது தெரிந்தது. கொப்புளம் வரவில்லை, அவ்வளவுதான். உடம்பும் மனமும் நெருக்கடியில் இருந்தால் காவல் தளர்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. கலிபோர்னியாவில் 2007-இல் 112 முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியை நான்கு மாதம் செய்தவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான செல்களின் வேகம் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் அளந்தது ரத்தத்தை. எத்தனை பேருக்கு அக்கி வராமல் போனது என்பதையல்ல. யோகாவோ காலைநடையோ செய்யுங்கள், வேறு நூறு காரணங்களுக்காக நல்லது. அக்கி வராது என்று நம்பிச் செய்ய வேண்டாம்.

அளந்து நிரூபிக்கப்பட்ட வழி ஒன்றுதான்: தடுப்பூசி. அதன் கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. மிச்சியாகி தகாஹாஷி என்ற மருத்துவர் தன் சின்ன மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர். ஒசாகா நகரில், ஒரு நோயாளிச் சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸைச் செல்களில் மீண்டும் மீண்டும் வளர்த்துப் பலவீனமாக்கினார். 1974-இல் வெளியான அந்த வைரஸ் வகைக்கு அந்தச் சிறுவனுடைய குடும்பப் பெயரே நிலைத்தது: ஓகா. அதைக் கொண்டு செய்த குழந்தைகளுக்கான சின்னம்மை ஊசியை ஏறத்தாழ 14 மடங்கு செறிவாக்கி, ஸோஸ்டாவாக்ஸ் என்று 2006-இல் அமெரிக்காவில் அறுபது தாண்டியவர்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு அடிப்படையாக இருந்தது 38,546 பேரிடம் நடந்த சோதனை. அக்கி 51% குறைந்தது, நீடித்த நரம்புவலி 66% குறைந்தது. ஆனால் எழுபது தாண்டியவர்களுக்கு அக்கியைத் தடுப்பதில் பலன் 38 விழுக்காடுதான். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே குறைவாக வேலை செய்தது. உயிருள்ள வைரஸ் என்பதால் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்றம் செய்தவர் போன்றோருக்குப் போடவும் முடியாது.

2017-இல் வந்த ஷிங்ரிக்ஸ் இந்த இரண்டு குறையையும் தாண்டியது. இதில் வைரஸே இல்லை. வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் மட்டும் இருக்கிறது. வெறும் புரதத்தை வயதான உடம்பு கண்டுகொள்ளாது என்பதால் கூடவே உசுப்பிவிட ஒரு கலவை சேர்க்கிறார்கள். அதில் ஒரு பங்கு, சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வருவது. நம் ஊர்ப் பூந்திக்கொட்டை மாதிரி நுரை வரும் பட்டை அது. அங்கே துணி துவைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஐம்பது தாண்டிய 15,411 பேரிடம் நடந்த முதல் பெரிய சோதனையில் 97% பாதுகாப்பு. எழுபது தாண்டியவர்களிடம் தனியாகச் செய்தபோதும் ஏறத்தாழ 90%. பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், பிந்தைய ஆண்டுகளிலும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. முதியவர்களுக்கான தடுப்பூசிகளில் இப்படி ஒரு எண்ணைப் பார்ப்பது அரிது. பழைய ஊசி 2020-இல் அமெரிக்கச் சந்தையை விட்டே போய்விட்டது.

பழைய ஊசியைப் பற்றி ஒரு கிளைக்கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரிட்டனில் ஒரு பகுதியான வேல்ஸில் 2013 செப்டம்பரில் அதை இலவசமாகப் போட ஆரம்பித்தபோது, ஒரு பிறந்தநாள் எல்லையை வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் ஊசி உண்டு. அதற்கு முந்தைய நாள் பிறந்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் கிடையாது. ஒரு வார இடைவெளியில் பிறந்த இரு கூட்டத்தாரிடையே உணவிலோ படிப்பிலோ பணத்திலோ என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஆனால் ஒரு பக்கம் ஊசி போட்டவர்கள் ஏறத்தாழ பூஜ்யம். இன்னொரு பக்கம் 47%. எந்த விஞ்ஞானியும் திட்டமிடாமல் அரசு அலுவலகம் ஒன்று நடத்திவிட்ட சோதனை அது. ஏழு ஆண்டுப் பதிவுகளைப் புரட்டியதில், ஊசி போட்டவர்களுக்கு மறதிநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் இந்தப் பலன் அதிகம். 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியானது. இதற்கான காரணம் இன்னும் பிடிபடவில்லை. நரம்பில் அவ்வப்போது விழித்து எழும் வைரஸ் மூளையில் அழற்சியைத் தூண்டுகிறதா, அல்லது ஊசியே உடம்பின் காவலைப் பொதுவாகச் சீராக்குகிறதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மறதிநோய்க்காக அக்கி ஊசி போடச் சொல்லும் கட்டத்துக்கு யாரும் வரவில்லை. ஆனால் போடலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் தராசில் வைத்துப் பார்க்க இதுவும் ஒரு படிக்கல்.

இந்தியாவில் ஷிங்ரிக்ஸ் 2023-இல் வந்தது. ஐம்பது தாண்டியவர்களுக்கு, கையில் தசைக்குள் இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். ஒரு தவணையே பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறது. கணவன் மனைவி இருவரும் போட்டால் நாற்பதாயிரம். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதில்லை. மாதாமாதம் பென்ஷனை எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் இது சாதாரண முடிவல்ல. எல்லோரும் ஓடிப் போய்ப் போடுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யாருக்கு முதலில் என்பதைச் சொல்ல முடியும். அறுபது தாண்டியவர்கள். அதைவிட முக்கியமாக, காவலை மருந்தே தளர்த்துகிற நிலையில் இருப்பவர்கள்: கீமோதெரபிக்குத் தயாராகிறவர், சிறுநீரக மாற்றத்துக்குப் பதிவு செய்திருப்பவர், முடக்குவாதத்துக்கு நீண்டநாள் ஸ்டீராய்டோ டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரையோ தொடங்கப்போகிறவர், எச்.ஐ.வி. உள்ளவர். இவர்களுக்கு வயது ஒரு பொருட்டில்லை. அமெரிக்காவில் 2021 முதல் 18 தாண்டிய இத்தகையவர்களுக்கும் அனுமதி உண்டு. அந்த மருந்து ஆரம்பிக்கும் முன்பே ஊசியைப் போட்டுவிட்டால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். “இந்த மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் ஏதாவது தடுப்பூசி போட வேண்டுமா, டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள். பரபரப்பான ஓ.பி.யில் அவர்களாகச் சொல்ல மறந்துபோகும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாடுகளில் பத்து வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சின்னம்மை வந்துவிடும் (தடுப்பூசி வரும்வரை). வெப்பநாடுகளில் அப்படியில்லை, இருபது, முப்பது வயதிலும் வருகிறது. ஆக, இங்கே ஐம்பது வயதிலும் சின்னம்மையே வராதவர்கள் இருக்கக்கூடும். சின்னம்மை வராதவருக்கு அக்கி வராது. அவருக்குத் தேவை சின்னம்மைத் தடுப்பூசி; ஷிங்ரிக்ஸ் அதைத் தடுக்க உருவானதல்ல. வந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், அம்மா இருந்தால் அம்மாவைக் கேளுங்கள். அந்த விஷயத்தில் அவர்கள் ஞாபகம் பொய்க்காது. இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஏற்கெனவே அக்கி வந்தவர் ‘வந்துதான் போய்விட்டதே’ என்று இருந்துவிட வேண்டாம். மறுபடி வரலாம். கொப்புளம் முழுவதும் ஆறிய பிறகு அவரும் போட்டுக்கொள்ளலாம்.

ஊசியின் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். கை வலிக்கும், உடம்பு முறித்துப்போடும், குளிர்காய்ச்சல் வரும். ஆறு பேரில் ஒருவருக்கு ஓரிரு நாள் அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்கு. பத்து லட்சம் தவணைக்கு மூன்று பேர் என்ற அளவில் கில்லன்-பாரே என்ற, கைகால் தளர்ந்துபோகும் அரிய நரம்பு நோய் கூடுவதாகவும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரிக்கை சேர்த்தது.

ஊசி போடாமலே இருந்து, அக்கி வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் குறைக்க ஓர் ஆபத்து பாக்கியிருக்கிறது. அதற்குக் கெடு 72 மணிநேரம். கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் அல்லது வலாசைக்ளோவிர் தொடங்கிவிட்டால் வைரஸின் பெருக்கம் அடங்கும், புண் சீக்கிரம் ஆறும், ஆரம்ப வலி தணியும். அசைக்ளோவிர் உருவான ஆய்வகக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் கிடைத்தது. நம்மூர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற, விலை அதிகமில்லாத மாத்திரைதான். ஒரு நாளைக்கு ஐந்து வேளை விழுங்க வேண்டியிருப்பதுதான் சள்ளை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவை மருத்துவர்தான் குறைத்துத் தர வேண்டும்.

அக்கி எழுதுவதில் எனக்குள்ள சண்டை இந்த மூன்று நாளைப் பற்றியதுதான். காவி குளிர்ச்சி தரும், அரிப்பை அடக்கும், மனசுக்கும் தைரியம். எழுதுகிறவர் பெரும்பாலும் காசுக்காகச் செய்பவரும் அல்ல. ஆனால் ‘மூன்று நாள் எழுது’ என்பது மாத்திரைக்குரிய அதே மூன்று நாளைத் தின்றுவிடுகிறது. கொப்புளம் தானாகவே ஆறும் நோய் என்பதால் காவிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. எட்டு மாதம் கழித்தும் எரிகிற விலாவை அதன் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எழுதிக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் முதல் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகலாம். நெற்றியிலோ கண்ணோரத்திலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் மட்டும் அந்தப் பேச்சே வேண்டாம். மூக்கு நுனிக்குப் போகும் நரம்பின் கிளைதான் கண்ணுக்கும் போகிறது, பார்வை போய்விடலாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். காதில் கொப்புளமும் வாய் கோணலும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான்.

வீட்டில் மற்றவர்களுக்கு அக்கி தொத்தாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். பக்கு கட்டும்வரை புண்ணைத் துணியால் மூடி, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பெரியப்பாவின் எரிச்சல் ஒருவழியாக அடங்கிவிட்டது. பெரியம்மா முதல் தவணை ஊசியைப் போன மாதம் போட்டுக்கொண்டார். மறுநாள் வலது கையைத் தூக்க முடியவில்லை. அடுத்த தவணையை இடது கையில் கேட்டு வாங்குவதாகவும், அதற்கு முந்தைய நாளே இரண்டு நாளைக்கு மாவரைத்து வைத்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.